அப்பாவின் ஒரே சொல்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணா,

இன்று நான் சொல்லாமல் விட்டது இது: அப்பாவின் முதுகு வெந்நீர் பட்டுச் சிவந்திருக்கிறது.

ஹோம் கேர் நிறுவனத்தின் சூப்பர்வைசர் வந்திருந்தார். கட்டிலருகே குனிந்து, "எங்க பொண்ணு உங்களை நல்லா பாத்துக்குதாப்பா?" என்று கேட்டார். "சரி" என்றார் அப்பா. சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் சிரிப்பு. பக்கவாதம் அப்பாவிடம் விட்டுவைத்த ஒரே சொல் அதுதான் என்று நான் சொல்லியிருக்கலாம். பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, அவருக்கு எல்லாமே 'சரி'தான்.

குளிப்பாட்டும்போது, அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவர்கள் அனுப்பும் அந்தப் பெண்ணும் "சூடு சரியாப்பா?" என்று கேட்டுத்தான் ஊற்றினாள். சொன்னால் அவள் வேலை போய்விடும். சவரம் செய்துவிட்டு "மாப்பிள்ளை ரெடி!" என்று அப்பாவைச் சிரிக்க வைப்பவள் அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டேன்.

கொப்புளம் இல்லை, மருந்து தடவியிருக்கிறேன். பயப்படாதே.

உன் தங்கை

பிப்ரவரி 15

ஊமைக்கோட்டானுக்கு,

வாயில் பூட்டா போட்டிருந்தாய்? இன்று முதுகு, நாளைக்கு? நீயும் வேலைக்குப் போய்விடுகிறாய். வீட்டில் யார் பார்ப்பது? நான் பேசி வைத்த முதியோர் இல்லத்தில் அறை தயார். படம் அனுப்பியிருக்கிறேன். மாதக் கடைசியில் சேர்த்துவிடலாம். நேற்று போனில் அவரிடமே கேட்டேன், "அங்க போயிடலாமாப்பா?" என்று. தெளிவாகச் "சரி" என்றார். அப்புறம் நீ என்ன சொல்ல?

கோபம் உன்மேல் இல்லை. தூரத்தில் இருப்பவனால் பயப்படத்தான் முடிகிறது.

அண்ணன்

பிப்ரவரி 23

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த மறுநாளே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு அப்பாவின் முதுகைக் காட்டினேன்.

"அவரே நல்லாருக்குன்னு சொன்னாரேம்மா!"

நான் அப்பாவிடம் திரும்பினேன். "அப்பா, உங்களுக்கு ரெண்டு தலையா?"

"சரி."

"இவங்க கம்பெனி சுத்த மோசமா?"

"சரி!" அதுவும் சத்தமாக.

சூப்பர்வைசரே சிரித்துவிட்டார். அந்தப் பெண்தான் அழுதாள். "அப்போ நான் தினமும் கேட்டதெல்லாம்?"

"கேட்டது தப்பில்லடி. இனிமே வாய்கிட்ட கேக்காத, கைகிட்ட கேளு" என்றேன். இவ்வளவு பேசியது நானா என்று எனக்கே ஆச்சரியம்.

இப்போது அவள் முதலில் தண்ணீரில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறாள். பிறகு அப்பாவின் நல்ல கையை வாளியில் நனைக்கிறாள். முதல் நாளே அவருக்குச் சூடு போதவில்லை போல. கையை உருவித் தண்ணீரை அவள் முகத்தில் அடித்தார். "அய்யோ மாப்பிள்ளை, குளிக்க வேண்டியது நீங்க!" என்று அவள் கத்தினாள். படுத்ததிலிருந்து அப்பா முதன்முறையாக 'வேண்டாம்' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

அப்புறம் நீ அனுப்பிய இல்லத்தின் படத்தையும் நம் வீட்டுப் படத்தையும் அவர் மடியில் வைத்தேன். இல்லத்தை எடுத்தார், உற்றுப் பார்த்தார், தொடைக்கடியில் சொருகி அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்; நம் வீட்டை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டார். மறுநாள் படங்களை இடம் மாற்றி வைத்தேன். அதே கதை.

போனில் வாங்கிய 'சரி'யை நீயே வைத்துக்கொள்.

உன் ஊமைக்கோட்டான்

மார்ச் 9

அண்ணா,

நீ பதில் போடவில்லை. ஆனால் அறை வேண்டாமென்று நீ சொல்லிவிட்டதாக இல்லத்திலிருந்து போன் வந்தது. வீம்புக்காரா, எனக்கு ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவாய்?

பேச்சிழந்தவர்கள் இருக்கும் எல்லா வீடுகளிலும் கையிடம் கேட்கும்படி நிறுவனம் தன் ஆட்களுக்குச் சொல்லிவிட்டது. அந்தப் பெண் வந்துகொண்டிருக்கிறாள். முதுகு ஆறிவிட்டது. அப்பா நம் வீட்டிலேயே இருக்கிறார்.

தங்கை