அகுங் மலைக்கு ஒரு டோக்கன்

மச்சான்,

இன்று காலை உன் நோட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் வைக்க எடுத்தேன். அட்டையிலிருந்து நீலகிரித் தைலம் மணந்தது. நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அதே கையால்தானே எழுதுவாய். நீ போய் இரண்டு ஐப்பசி கடந்துவிட்டது, வாசனை மட்டும் போகவில்லை. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு இந்தக் காகிதத்தை எடுத்தேன். வரும் வியாழக்கிழமை நான் பாலித் தீவுக்குப் புறப்படுகிறேன். அதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட வேண்டும்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். நான் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிப் போகிறது. ஆனாலும் எழுதிய எழுத்து காகிதத்தில் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

அந்தக் காலண்டரை நினைத்துக்கொள்கிறேன். நெஞ்சில் தூசி சேர்ந்துவிட்டது என்று உன்னைத் தங்கச் சுரங்க வேலையிலிருந்து நிறுத்திய வருடம் அது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பில் உன் லைன் வீட்டுச் சுவரில், கட்டிலுக்கு எதிரே அது தொங்கியது. படத்தில் பாலித் தீவின் அகுங் மலை. மலைக்கு முன்னால் கறுப்புக் கூரைகளை அடுக்கடுக்காக வைத்த ஒரு கோயில் கோபுரம். ஷிப்டு முடிந்து வந்த என்னை உட்காரக்கூட விடாமல் கேட்டாய்.

"இந்த மல எவ்ளோ ஒசரம் தெரியுமாடா? பத்தாயிரம் அடிக்குக் கொஞ்சம்தான் கம்மி."

"அப்போ நம்ம ஷாப்டு அளவு கீதுன்னு சொல்லு."

"அதத்தான் நானும் பாத்துக்கினு கீறேன். நம்ம ஷாப்டப் புடுங்கித் தலகீழா நட்டு வெச்ச மாதிரி கீது."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. முப்பது வருடம் கேஜ் கூண்டில் நின்று, அந்த ஷாப்டுக் குழிக்குள் நூறடிக்கு ஒன்றாக நூறாவது லெவல் வரை இறங்கியிருக்கிறோம். ஆனால் எவ்வளவு தூரம் போனோம் என்பது எனக்குத் தெரிந்ததே இல்லை. இருட்டில் தூரம் ஏது? காது அடைக்கும், சூடு ஏறும், கேஜ் நிற்கும். அவ்வளவுதான். அந்தத் தூரத்தை யாரோ வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தி வைத்ததுபோல் இருந்தது அந்த மலை.

"கீழ எவ்ளோ போனமோ அவ்ளோ மேல போய்ப் பாத்துடணும் மச்சான்" என்றேன். நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். நீ ஒரு புது நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதவே ஆரம்பித்துவிட்டாய்.

பெங்களூர் நடைபாதைக் கடையில் பழைய ஆங்கில வழிகாட்டிப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தாய். அதைப் படித்துத் தமிழில் நோட்டில் எழுதுவாய், எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுவாய். என் மகள் சிங்கப்பூரில் நர்ஸ் வேலையில் இருந்ததால் முதலில் அங்கே போய் இறங்குவது. அங்கிருந்து பாலி. முதல் நாள் கடலுக்குள் பாறைமேல் நிற்கும் கோயில். அடுத்த நாள் படிப்படியாக மலையை வெட்டிச் செய்த நெல் வயல். அதற்கடுத்த நாள், நூறு ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து 'சக் சக்' என்று குரல் கொடுக்க நடக்கும் ஆட்டம். நாலாம் நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் மலை. "ரெண்டு பேரும் உச்சிக்கு" என்று அந்த வரியை மட்டும் நீ எப்போதும் சத்தமாக வாசிப்பாய்.

சாப்பாட்டுக்குத் தனிப் பக்கம் வைத்திருந்தாய். கறித் துண்டுகளைக் குச்சியில் கோத்துச் சுட்டு, மேலே வேர்க்கடலைக் குழம்பு ஊற்றுவார்கள் என்று அதில் இருந்தது. அங்கே போய் வாய்க்குப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே செய்து பார்த்தோம். குச்சிக்கு என் சைக்கிளின் பழைய ஸ்போக்ஸ் கம்பிகளைக் கழுவிக் கொடுத்தேன். உன் மனைவி ஜெயா அடுப்பு முன்னால் நின்றுகொண்டு உன்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாங்க இது? வேர்க்கடல சட்னி துன்றதுக்கா கப்பல் ஏரோப்ளேன்லாம் ஏறிப் போறீங்க?"

"சட்னி இல்லடி, சாஸு" என்றாய்.

"எங்க, அண்ணன் சொல்லட்டும். அண்ணே, இது இன்னா?"

"தங்கச்சி, சட்னிதான். ஆனா வெளிநாட்டுச் சட்னி" என்றேன். நீ சிரித்துச் சிரித்து இருமினாய். இருமல் நிற்க வெகு நேரம் ஆயிற்று. ஜெயா விசிறிக்கொண்டே உன் முதுகைத் தடவினாள். பிறகு நீயே ஒரு கம்பியை எடுத்துக் கடித்து, "உப்பு கம்மி" என்றாய்.

மலை ஏறிப் பழக நமக்கு எங்கே மலை இருக்கிறது? சயனைட் போட்டுப் பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண்தான் மலையாக நிற்கிறது. அந்தச் சயனைட் மேட்டில்தான் பழகினோம். ஒரு மேடு ஏறினால் ஒரு லெவல் என்று கணக்கு வைத்தோம். நீ கொஞ்ச தூரம் வந்து உட்கார்ந்துவிடுவாய். என் சட்டைப் பையில் கிடக்கும் டோக்கனைக் கேட்டு வாங்கி உன் பையில் போட்டுக்கொள்வாய். சுரங்கத்தில் இறங்குமுன் அந்தப் பித்தளை வில்லையை மேலே கொடுத்துவிட்டுப் போவதும், ஏறி வந்து திரும்ப வாங்குவதும் நம் உடம்போடு ஊறிய பழக்கம் அல்லவா? ஒரு டோக்கன் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தால் ஓர் ஆள் இன்னும் வரவில்லை என்று பொருள். அவன் வரும்வரை மேலே இருப்பவன் வீட்டுக்குப் போக மாட்டான்.

"போய்ட்டு வாடா. டோக்கன் என்னாண்ட கீது" என்பாய்.

எனக்கோ உன்னை மேலே கூட்டிப் போய்விட வேண்டும் என்ற வெறி. நூறாவது லெவலில் காற்று கஞ்சி மாதிரி இருக்கும். கேஜ் ஏற ஏற மூச்சு லேசாகும். வெளியே வந்தால் நெஞ்சு நிறையக் காற்று. என் ஆயுசில் நான் கண்டது அதுதான். அதனால் பத்தாயிரம் அடி மேலே போனால் எவ்வளவு காற்று இருக்கும், உன் நெஞ்சே சரியாகிவிடும் என்று முழுதாக நம்பினேன். ஒரு நாள் உன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வா மச்சான். மேல போகப் போகக் காத்து நெறைய கீது. ஒரு இருவது அடி ஏறிப் பாரு."

நீ என் முகத்தைப் பார்த்தாய். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் எழுந்தாய். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாய். உன் உதடு நீலமாகப் போனதைப் பார்த்துப் பயந்து உன்னைத் தாங்கிக்கொண்டு இறங்கினேன். அதற்குப் பிறகு நீ மேட்டுக்கு வரவில்லை.

உன் கடைசி நாட்களில் ஒரு பகல் வேளை, வெளியே நல்ல மழை. நோட்டை என் மடியில் வைத்தாய்.

"இத்த வெச்சுக்கோ. படி."

"எனக்கு இன்னா மச்சான் தெரியும், படிக்கிறதுக்கு?"

"அப்போ கத்துக்கோ. நூறு லெவல் எறங்குனவனுக்கு இது பெரிசா?"

நீ போன பிறகு நோட்டை ஜெயாவிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். அவள் கையால் தொடவில்லை. "உங்களத்தான் படிக்கச் சொன்னாரு அண்ணே. நான் எழுத்து சொல்லித் தரேன். படிச்சுக் காட்ட மாட்டேன்" என்றாள். மறுநாளே சிலேட்டு வாங்கி வந்தேன். டிரில் மெஷினைப் பிடித்த கைக்குப் பல்பம் நிற்குமா? நாளுக்கு நாலு உடையும். "அண்ணே, இது 'ழ'வா, மீன் தூண்டிலா?" என்று கிண்டல் செய்துகொண்டே இரண்டு வருடம் சொல்லித் தந்தாள். இதற்கு நடுவில் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். டோக்கனைத் திருப்பிக் கேட்க அங்கே ஆள் இல்லை. அது என்னிடமே தங்கிவிட்டது.

போன மாதம்தான் ஐந்தாம் நாள் பக்கத்துக்கு வந்தேன். நீ சத்தமாக வாசித்த வரி அங்கே இல்லை, மச்சான். ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் படித்தேன்.

'ஐந்தாம் நாள். அவன் ஏறுவான். நான் அடிவாரத்துக் கடையில் இருப்பேன். டோக்கன் என்னிடம்.'

அதற்கு அடுத்த பக்கத்தில் இது இருந்தது: 'இன்று மேட்டில் கையைப் பிடித்து இழுத்தான். மேலே காற்று அதிகமாம். சுரங்கத்தில் அப்படித்தான். மலையில் ஏற ஏறக் காற்று குறையும் என்று புத்தகத்தில் இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னை விட்டு ஏற மாட்டான். அவன் ஆசைக்கு இருபது அடி ஏறினேன்.'

நான் நோட்டைப் பிடித்தபடியே இருந்தேன். மண்ணுக்குள் போன மனிதன் என் எதிரில் உட்கார்ந்து, உயிரோடு இருந்தபோது சொல்லாததைச் சொல்கிறான். எழுத்து என்றால் இதுவா? இத்தனை வருடமாகக் கடைப் பலகையிலும் பஸ்ஸின் நெற்றியிலும் இருந்தது இதுதானா? அழுதேன் என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று நெஞ்சில் எழுந்து நின்றது. அதற்கு எனக்கு இன்னும் சொல் தெரியவில்லை.

மகள் எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாள். பாஸ்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கிறது, கைநாட்டு இல்லை. மலையில் கூட வர ஓர் ஆளைப் பேசியிருக்கிறாள். சட்னியை அங்கே போய் ருசி பார்த்து, எது நன்றாக இருந்தது என்று ஜெயாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அது அவள் போட்ட உத்தரவு.

இன்று மதியம் என் டோக்கனைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். கேட்காமலே புரிந்துகொண்டு, உன் படத்துக்குக் கீழே இருக்கும் ஆணியில் மாட்டினாள். "நீங்க வந்து எடுக்கிற வரைக்கும் இது இங்கதான் தொங்கும் அண்ணே. நானும் எங்கயும் போவ மாட்டேன்" என்றாள்.

மேலே காற்று குறைவு என்று இப்போது எனக்குத் தெரியும். மெதுவாக ஏறுவேன். நூறு அடிக்கு ஒரு முறை நின்று லெவல் எண்ணை உரக்கச் சொல்வேன். என் சட்டைப் பையில் நீ எழுதி மிச்சம் வைத்த பாதிப் பென்சில் இருக்கும், தோள் பையில் உன் நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில், 'மேலே அவன் பார்த்தது. அவன் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டியது' என்று எழுதி, மீதிப் பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறாய்.

அதை நானே எழுதிக்கொண்டு வருகிறேன்.