தனிப்பாடல்

என் அன்பானவருக்கு,

இந்த வருடமும் சபையில் தனிப்பாடல் எனக்கில்லை. பாட்டு மாஸ்டரின் மகளுக்குப் போய்விட்டது. முன்பென்றால் வீட்டையே இரண்டாக்கியிருப்பேன்.

"வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டுவிட்டு டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வியாழக்கிழமை தொண்டையில் ஆபரேஷன். கட்டியோடு வேறு எது போகும் என்பதை நான் எழுதப்போவதில்லை.

நேற்று ஆராதனையில் வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் நின்ற அக்கா, "இன்னைக்கு நல்லா பாடுனே" என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் பெண் பாடியதை முதன்முறையாகப் பொறாமையில்லாமல் கேட்டேன். "ஆண்டவரே, இது போதும்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை. புதன்கிழமைக்குள் போன் பண்ணுங்கள். நான்தான் பேசுவேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள். அப்புறம் காலம் முழுக்க நீங்களே பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி