நிற்க வைத்துப் பார்த்த பிரஷர்

ஸ்ரீரங்கம்
செவ்வாய்

அன்புள்ள அப்பாவுக்கு, குழலி வணக்கத்துடன் எழுதுவது. முழங்காலில் பட்ட அடி ஆறிவிட்டதா? வால்பாறையில் மழை விட்டதா? போனில் நான் பேசுவது உங்களுக்குச் சரியாகக் கேட்பதில்லை, அதனால்தான் கடிதம்.

நான் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் சௌரிராஜன் சாருக்கு வயது எண்பத்தாறு. நேற்று தெருவில் நாதஸ்வரம் கேட்டதும், "பெருமாள் எழுந்தருளறார்" என்று கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தவர், அப்படியே சாய்ந்தார். பிடித்துவிட்டேன், அடி ஒன்றும் இல்லை. பிறகு பார்த்தால், படுத்திருக்கும்போது பிரஷர் நூற்றைம்பது, நிற்க வைத்தால் நூறு.

வீட்டுக்கு வந்த டாக்டர் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்திவிட்டார். "இந்த வயசுல பிரஷர் கொஞ்சம் கூடுதலா இருந்தாலும் பரவாயில்லைங்க, விழக் கூடாது. இனிமே நிக்க வெச்சும் பாருங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாத்திரையைத் தவறாமல் கொடுத்துப் பிரஷரைக் குறைத்ததற்குத்தானே இத்தனை நாள் இந்த வீட்டில் என்னை மெச்சினார்கள்? நான் செய்தது நல்லதா, கெட்டதா?

தேயிலைத்தூள் கால் கிலோ அனுப்புங்கள். இங்கே எல்லோருக்கும் காபிதான். எனக்கு மட்டும் டீ கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு நீங்களாக உங்கள் பிரஷர் மாத்திரையை நிறுத்த வேண்டாம். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தலை கிறுகிறுக்கிறது என்று நீங்கள் சொன்னபோதெல்லாம், "மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்கப்பா" என்று அதட்டினேன்.

சார் கூப்பிடுகிறார், போகிறேன். ஒன்று மட்டும் மறைக்காமல் எழுதுங்கள். போன மாதம் குளியலறையில் நீங்கள் விழுந்தது, வழுக்கித்தானா?

உங்கள் குழலி