எம் புள்ள என்றான் தம்பி

செவ்வாய்க்கிழமை இரவு, ஆஸ்பத்திரி வார்டு.

இன்று என் தம்பியைப் பொலிஸில் பிடித்துக் கொடுத்துவிட்டேன்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தபோது, பக்கத்து அறையான தம்பியின் காம்பராவில் அவன் மகள் சுவாதி அலறினாள். ஒன்பது வயது. அம்மாக்காரி குவைத்தில் வேலைக்குப் போயிருக்கிறாள். கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். சோறு அடிப்பிடித்ததற்காகப் பிள்ளையின் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, கரண்ட் வயரால் முதுகில் விளாசிக்கொண்டிருந்தான். சட்டை கிழிந்து இரத்தம் வழிந்தது. தடுத்த என்னையும் சுவரில் மோதத் தள்ளினான். ஒரு பல் உடைந்தது.

"எம் புள்ள. அடிப்பேன், கொல்லுவேன். நீ யாருடி கேக்க?"

விறகுக்கட்டையை எடுத்து அவன் முழங்காலில் ஓங்கிப் போட்டேன். விழுந்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் பொலிஸுக்குப் போனேன்.

"குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கங்க" என்றார் வாசலில் இருந்த பொலிஸ்காரர்.

உள்ளேயிருந்து சிறுவர் பிரிவுப் பொலிஸ் மிஸ் எழுந்து வந்தார். "பெத்த அப்பாவா இருந்தாலும் இது குத்தம்தான் அக்கா. சொல்லுங்க, நான் எழுதுறேன்."

சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, இருட்டியதும் அவனைப் பிடித்துவிட்டார்கள். பிள்ளை யாரிடம் இருப்பது என்று நாளை நீதவான் சொல்வாராம். என்னிடம் தரச் சொல்லிக் கேட்பேன்.

சுவாதி குப்புறப் படுத்திருக்கிறாள். சற்று முன் கேட்டாள்.

"அப்பாவ அங்க அடிப்பாங்களா அத்த?"

"அடிக்க மாட்டாங்க. அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு."

"அந்தச் சட்டம் எனக்கும் இருக்கா?"

இருக்கு என்றேன். இத்தனை மாதமும் சுவருக்கு என் பக்கம் இருந்து அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே சமைத்தவள் நான்.