மாலையில் வரச் சொன்ன டாக்டர்

செப்டம்பர் 2, 1974. திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து. ஜன்னலைத் திறந்தால் மண், மூடினால் புழுக்கம். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை ஷிப்ட் கேட்டேன். கிடைக்கவில்லை. நான்கு மணிக்கு மேல் இமை தானே சரிகிறது. குரல் மூக்கால் வருகிறது. துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஏஜென்ட் டிரங்க் காலில் கத்தினார்: "ஏம்மா, தூங்கிக்கிட்டே பேசுதியளா?" மன்னிப்புக் கேட்டேன். அதுவும் மூக்கால்.

மயஸ்தீனியா. பொழுது ஏற ஏறத் தசைகள் சோர்ந்துபோகும் நோய். இந்தப் பெயரைக் கண்டுபிடிக்க மெட்ராஸிலேயே மூன்று வருடம். கண்டுபிடித்த டாக்டர் இப்போது வெளிநாட்டில். மாத்திரை இங்கே எந்தக் கடையிலும் இல்லை. "திருநெல்வேலியில கேட்டுப் பாக்கேன்" – மருந்துக்கடை அண்ணாச்சி.

செப். 4, புதன்

காலையில் ஒரு டாக்டர். காலையில் நான் நன்றாகத்தான் இருப்பேன். கையை மடக்கச் சொன்னார், மடக்கினேன். "நல்லாத்தான இருக்கிய? முப்பத்திரண்டு வயசாச்சு, கல்யாணம் ஆகல. எல்லாம் மனசுதான்." சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்.

மெட்ராஸிலிருந்து கொண்டுவந்த மாத்திரை தீர்ந்துவிடாமலிருக்க இன்று முதல் பாதியாக உடைக்கிறேன்.

வீட்டுக்கார ரோசலின் அக்கா மீன்குழம்பு கொடுத்தாள். விழுங்க முடியவில்லை. சோறு மூக்கில் ஏறியது. மிச்சம் பூனைக்கு. பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தபோது, "ருசியா இருந்துச்சா?" "ரொம்ப." பொய்.

செப். 6, வெள்ளி

காய்ச்சல், தொண்டைவலி. பக்கத்துத் தெருவில் வேறொரு டாக்டர். ஊசியில் மருந்தை ஏற்றினார். ஸ்ட்ரெப்டோமைசின். இந்த நோய்க்கு அது ஆகாது, மூச்சே நின்றுவிடலாம் என்று மெட்ராஸ் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

"நீங்க டாக்டரா, நான் டாக்டரா?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். குரல் எழும்பவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வழியெல்லாம் அதே நினைப்பு. போட்டிருந்தால்? யாருக்குத் தந்தி கொடுப்பார்கள்? அண்ணன் பம்பாயில் இருப்பதே இங்கே ஒருவருக்கும் தெரியாது.

செப். 9, திங்கள்

காய்ச்சல் விட்டது. வேலைக்குப் போனேன்.

லைனில் திருநெல்வேலி ஆபரேட்டர் பாக்கியம். முகம் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். "என்னக்கா, மத்தியானம் மணி மாதிரி பேசுதிய, சாயங்காலம் மூக்கடைச்ச மாதிரி பேசுதிய?"

இந்த ஊருக்கு வந்த பிறகு முதல்முறையாக ஒருத்தி கேட்கிறாள். சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். இரண்டு டிரங்க் கால்கள் காத்துக் கிடந்தன.

"நான் விசாரிக்கேன்க்கா. எல்லா ஊர் லைன்லயும் நம்ம ஆளுகதான?"

செப். 11, புதன்

பாக்கியம் கூப்பிட்டாள். "சாத்தான்குளத்து ஆபரேட்டரோட அத்தைக்குப் பார்த்த டாக்டரம்மா. இப்ப சாயர்புரம் பக்கம் சின்னதா ஆஸ்பத்திரி வச்சிருக்காவ. நரம்பு விஷயம் தெரியுமாம். இருங்க, லைன் போட்டுத் தாரேன்."

டாக்டரம்மா கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே கேள்வி. "எப்ப ரொம்ப மோசமா இருக்கும்?"

"சாயங்காலம்."

"அப்ப சாயங்காலம் வாங்க. காலையில வந்தா எனக்கு என்ன தெரியும்?"

அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்குவதே பெரும்பாடு.

செப். 13, வெள்ளி

லீவு. சாயங்கால வெயில், பஸ், இருபுறமும் முள் உடைமரம். டாக்டரம்மாவுக்கு ஐம்பது இருக்கும். சத்தமில்லாத பேச்சு.

"மேல பாருங்க. பாத்துக்கிட்டே இருங்க."

இரண்டு இமையும் மெல்ல இறங்கின. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கையில இப்படி ஒருத்தரைப் பாத்திருக்கேன். நீங்க ரெண்டாவது. எனக்குத் தெரியாததை எழுதிக் கேட்டுத் தெரிஞ்சுக்கிடுதேன். பொறுத்துக்கிடுவியளா?"

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.

ஆபரேஷன் மயக்கத்தைத் தெளிய வைக்க வைத்திருந்த மருந்தை ஊசியில் போட்டார். சற்று நேரத்தில் இமை ஏறியது. ஜன்னலுக்கு வெளியே வேம்பு ஒன்றாகத் தெரிந்தது, மற்ற சாயங்காலங்களைப் போல் இரண்டாக அல்ல.

"பேரைச் சொல்லுங்க."

"வசந்தா."

சுத்தமாக வந்தது. டாக்டரம்மா சிரித்துவிட்டார். மாத்திரையை அவரே வரவழைத்துத் தருகிறாராம். விழுங்க முடியாமல் போனால் எந்நேரமும் கூப்பிட வேண்டுமாம். ஊசியின் பலன் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம்தான்.

திரும்பும் பஸ். பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண். குரல் முழுதாக இருக்கிறது, யாரிடம் பேசுவது? மணி கேட்டேன்.

"ஒங்க கையிலயே கடிகாரம் கெடக்கே தாயி."

கருவாடு என்ன விலை, மழை வருமா, எத்தனை பிள்ளைகள்? கேட்டுக்கொண்டே வந்தேன். சலிக்காமல் பதில் சொன்னாள். ஊருக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாள். குரல் இன்னும் மிச்சம் இருந்தது.