அண்ணாவுக்கு வைத்த அகத்திச் சொதி

என் அன்பு அண்ணாவுக்கு,

நீங்கள் போய் நாலு மாதம். நான் இன்னும் ஒழுங்காக அழவில்லை. வேலைக்குப் போகிறேன், பஸ்ஸில் இடம் கிடைத்தால் உட்காருகிறேன், வீட்டுக்கு வருகிறேன். அண்ணாவுக்கு என்ன வருத்தம் வந்தது என்று யாராவது கேட்டால் "நியூமோனியா" என்கிறேன். பொய் இல்லை. ஆனால் அது கடைசியில் வந்தது.

முதலில் வந்தது வாயில் வெள்ளை. கொட்டாஞ்சேனையில் நீங்கள் வாடகைக்கு இருந்த அனெக்ஸை வீட்டுக்காரர் விற்றதும், நீங்களும் சுகந்தி அண்ணியும் வெள்ளவத்தையில் அம்மாவின் பிளாட்டுக்கு வந்தீர்கள். அங்கே அம்மா திறந்து பார்க்காத போத்தல் ஏது? விற்றமின் போத்தலுக்குள் ஒளித்து வைத்திருந்த எச்.ஐ.வி. குளிசைகளை அந்தப் பயத்தில் நிறுத்தினீர்கள். எனக்கு மட்டும் சொன்னீர்கள்.

"கொஞ்ச நாளைக்குத்தான், பிறகு தொடங்குவன். நீ ஒருத்தருக்கும் சொல்லாத. சுகந்திக்கு நானே சொல்லுறன்."

உங்கள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

சில மாதங்களில் உங்கள் நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தயிர் அப்பியதுபோல வெள்ளை படிந்தது. சோறு பஞ்சு மாதிரிக் கிடக்கிறது என்றீர்கள். பிறகு தேத்தண்ணீர்கூட நெஞ்சில் அடைத்தது. அம்மா ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"வாயில புண் எண்டால் வயித்தில புண். எல்லாம் கடைச் சாப்பாடு செய்த வேலை. பிள்ளை, அகத்திச் சொதி வை."

வைத்தேன். சந்தையில் கீரை விற்கிற பெண் என்னைக் கண்டதும் சிங்களத்தில் "நங்கி, கதுருமுருங்கா" என்று அகத்திக் கட்டை எடுத்து நீட்டும் அளவுக்கு வாங்கினேன். மிளகாய் போடாமல், தேங்காய்ப்பால் விட்டு வைத்தேன். சின்ன வயதிலிருந்தே உங்களுக்கு அகத்தி பிடிக்காது. வாயில் வெள்ளை கண்டால் அன்றைக்கே வரச்சொல்லிக் குளிசை தந்த கிளினிக் டொக்டர் சொன்னதையும் நீங்களே எனக்குச் சொல்லியிருந்தீர்கள். "போங்கோ அண்ணா" என்று இரண்டு தரம் சொன்னேன். "நாளைக்கு" என்றீர்கள். மூன்றாம் தரம் நான் சொல்லவில்லை. சத்தமாகச் சொன்னால் எந்தக் கிளினிக் என்று அம்மா கேட்பாரே. எல்லாம் தெரிந்துகொண்டு சட்டியைக் கிண்டினேன்.

நியூமோனியா வந்து நீங்கள் போனதும், உங்களைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையில் வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். போட்டேன். உங்கள் வாயை நான் பார்க்கவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவில், உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிற இலையில், அம்மா நடுவில் அகத்திச் சொதியை வைத்தார். "பிள்ளை கடைசியா ஆசையாக் குடிச்சது" என்று சொல்லி அழுதார்.

இனி வீட்டுப் புதினம் சொல்கிறேன். போன மாதம் ஒரு காலை அண்ணி இடியப்பத்தைத் தள்ளிவைத்தார்.

"வாய் எரியுது. நாக்கில என்னவோ வெள்ளையாப் படிஞ்சு கிடக்கு."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "உதுவும் வயித்துப் புண்தான். பட்டினி கிடந்து அழுதால் வராதே? வதனி, அகத்தி வாங்கிக்கொண்டு வா."

பையை எடுத்தேன், செருப்பும் போட்டேன். படியில் பாதி இறங்கிவிட்டேன். பிறகு திரும்பி ஏறி, "அண்ணி, என்னோட ஒருக்கா வாங்கோ" என்றேன்.

தண்டவாளத்தைத் தாண்டி, கடற்கரைக் கல்லில் உட்காரவைத்துச் சொன்னேன். உங்களுக்குச் செய்த சத்தியத்தை அங்கேதான் உடைத்தேன். அண்ணி கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப, தெரிஞ்சுகொண்டோ அவருக்கு அந்தச் சொதியக் குடுத்தனீ?"

"ஓம்" என்றேன். அவர் எழுந்து முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

அடுத்த நாள் கிளினிக்கில் டொக்டர் அண்ணியின் நாக்கைப் பஞ்சுத் துணியால் மெல்லத் துடைத்தார். வெள்ளை கழன்று வந்தது. அடியில் சிவந்து கிடந்தது.

"இது பங்கஸ் கிருமி, குளிசை போட்டா மாறிடும். ஏன் வந்தது எண்டு ரத்தத்தில பாப்பம்."

இரத்தம் சொன்னது நான் பயந்ததைத்தான். கன வருடமாக உடம்பில் இருந்திருக்க வேண்டும் என்றார்கள். அப்படியென்றால், உங்களுக்குத் தெரியவந்த அன்றே அண்ணிக்குச் சொல்லியிருக்கலாமே? "ஒழுங்காக் குளிசை போட்டா நீங்க நல்லா இருக்கலாம்" என்று டொக்டர் சொன்னார். உங்களுக்கும் இதையே சொல்லியிருப்பார்கள், இல்லையா? எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது, அண்ணா. நீங்கள் போன பிறகு எனக்கு உறைத்தது அந்தக் கோபம் ஒன்றுதான்.

இரண்டு கிழமையில் வாய் சுத்தமாகிவிட்டது. எச்.ஐ.வி. குளிசையும் தொடங்கியாயிற்று. அண்ணி அந்தப் போத்தலை ஒளிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அம்மா தினமும் அதைத் தூக்கிப் பார்க்கிறார், கண்ணாடியைத் தேடுகிறார், திரும்ப வைக்கிறார். இன்னும் கேட்கவில்லை.

அண்ணி என்னோடு அதிகம் கதைப்பதில்லை. அம்மாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லு. சொதி வைச்சவளும் நீதானே" என்றார்.

வருடம் முடிய வரும் உங்கள் ஆட்டைத் திவசத்துக்கு நான்தான் சமைப்பேன். கத்தரிக்காய்க் குழம்பு உறைப்பாக இருக்கும், மோர் மிளகாய் கறுக்கப் பொரிந்திருக்கும். இலையில் அகத்தி இருக்காது. ஏன் இல்லை என்பது அந்த நாளைக்கு முன்னமே அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். இது நான் உங்களுக்குச் செய்கிற இரண்டாவது சத்தியம்.

உங்களுக்குச் சொதி வைத்துத் தந்த தங்கச்சி,
வதனி