தாட்சாயணியின் புடவை

9 நவம்பர், சனி
கூடத்தில் எங்கள் சிப்பிப்பாறை நாய் மைனாவை நிற்கப் பழக்கினேன். நாலு காலும் ஊன்றி, தலை நிமிர்ந்து, என் கையையே பார்க்க வேண்டும். நிற்கிறது. பார்ப்பது மட்டும் என்னைத் தாண்டி, சமையலறை வாசலை. ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை இப்படித்தான், பாடம் கேட்டுக்கொண்டே வெளியே அம்மாவைத் தேடும். திடீரென்று வாலை ஆட்டியது. நானும் திரும்பினேன். என் மனைவி தாட்சாயணி ஆடி மாதமே தவறிப்போய்விட்டாள். திரும்பியிருக்கக் கூடாது.

13 நவம்பர்
நாய்களைக் கண்காட்சிக்குத் தயார் செய்யும் கோவர்த்தனன் திருப்பதியிலிருந்து வந்தான். பல்லைப் பார்க்கக் கை நீட்டினான். மைனா என் காலுக்குப் பின்னால் ஒடுங்கியது.

"மாஸ்டாரு, ஜட்ஜ் கை வச்சாலும் இப்படி ஓடிச்சின்னா வெளிய அனுப்பிடுவாங்க. சிப்பிப்பாறை ஒருத்தர் கை நாயி. அந்த ஒருத்தர் நீங்களா?"

"இல்லப்பா."

"அப்ப அவங்கள இட்டுக்கினு வாங்க."

அவனுக்குத் தெரியாது.

14 நவம்பர்
மைனா குட்டியாக இருந்தபோது மடியில் போட்டுக்கொண்டு தாட்சாயணி சொன்னாளே, "இத திருப்பதி ஷோவுல நிறுத்தாம வுட மாட்டேன்" என்று! அவள் ஆஸ்பத்திரிக்குக் கட்டிப்போன நூல்புடவை துவைக்காமல், அவள் தைல வாசனையோடு டப்பாவில் இருந்தது. உள்ளங்கை அகலம் கிழித்து, கைக்குள் வைத்து நீட்டினேன். மைனா மூச்சைக்கூட மெதுவாக விட்டது. பல்லைத் தொட்டேன். அசையவில்லை.

24 நவம்பர்
ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கும் மகள் காவ்யா வந்தாள். டப்பாவைத் திறந்துவிட்டாள்.

"நைனா, அம்மா பொடவைய நாய்க்குக் கிழிச்சிக்கினு கீறியா?"

"அம்மா ஆசப்பட்டதுதாம்மா."

"ஷோவுல நிறுத்தச் சொல்லிச்சு. பொடவையக் கிழிக்கச் சொல்லிச்சா?"

டப்பாவை வாங்கி மூடி வைத்தேன்.

2 டிசம்பர்
நின்றதும் ஊட்டும் ஈரலின் வாடை புடவைத் துண்டில் ஏறிவிட்டது. அவள் தைல வாசனை போயே போய்விட்டது. மைனா முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. மறுபடி கிழித்தேன்; இப்போது தினமும் ஒன்று கிழிக்க வேண்டியிருக்கிறது. சாக்பீஸ் எழுதினால் தேயத்தான் செய்யும், எழுதாமல் வைத்திருந்தால் பாடம் ஏது — எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனசு கேக்கல.

14 டிசம்பர்
முந்தானை மட்டும்தான் மிச்சம். அதைத் தொட மாட்டேன்.

15 டிசம்பர், ஞாயிறு
காலையில் அதையும் கிழித்தேன்.

திருப்பதி மைதானத்தில் அவ்வளவு சத்தம். ஜட்ஜ் அம்மா பல், முதுகு, கால் எல்லாம் தொட்டுப் பார்த்தார். மைனா நின்றது. இரண்டாம் இடம்.

"கைல இன்னா மாஸ்டாரு, மந்திரமா?" என்று சிரித்தான் கோவர்த்தனன்.

நான் கையை விரிக்கவில்லை.

28 டிசம்பர்
பரிசு ரிப்பனை டப்பாவில் வைத்திருக்கிறேன். திறந்தால் புதுத்துணி வாசனை.

மாலையில், சொல்லாமலே, மைனா கூடத்தில் வந்து கால் ஊன்றி நின்றது. வெறும் கையைத்தான் நீட்டினேன். அதையே பார்த்தது.

சமையலறை வாசலை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.